ஒப்பரேசன் செய்தும் இடுப்பு வலி தீரவில்லையா? அவசரப்படாமல் தீர்மானிப்போம்

“ஒப்பரேசன் செஞ்சா சரியாப் போயிரும்னு சொன்னாங்க. செஞ்சும் பாத்தாச்சு. இப்ப மறுபடியும் அதே வலி. இனி என்னா செய்றது?”

தோட்டங்களுக்குப் போகும்போது இந்தக் கேள்வியை நாம் பல இடங்களில் கேட்கிறோம். கூடை சுமந்து, கவ்வாத்துக் கத்தி பிடித்து, முள்ளுக் குத்தி, பீலியில் தண்ணீர் தூக்கி வாழும் மக்களுக்கு இடுப்பு வலி புதிதல்ல. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்து, முதுகைக் கீறி, மாதக் கணக்கில் வேலைக்குப் போகாமல் இருந்த பிறகும் வலி திரும்பி வந்தால் மனம் ஒடிந்து போகிறது. அந்த நேரத்தில் எடுக்கும் தீர்மானம் சரியாக இருந்தால் நடமாட்டம் மிஞ்சும். தவறினால் உடம்பும் போகும், கடனும் ஏறும்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். நாற்பத்து நாலு வயதுள்ள ஓர் அக்கா. இருபத்தைந்து வருஷமாகக் கொழுந்து எடுக்கிறார். இடுப்பிலிருந்து வலது கால் பாதம் வரை வலி இறங்கியதால் டவுன் ஆஸ்பத்திரியில் டிஸ்க் ஒப்பரேசன் செய்து கொண்டார். மூன்று மாதம் கால் நன்றாக இருந்தது. நாலாம் மாதம் மலைக்குப் போனார். ஆறாம் மாதம் வலி மெல்ல மெல்லத் திரும்பியது. பிறகு இரவில் தூக்கமே இல்லை என்ற நிலை.

வீட்டுக்காரர் சொன்னார்: “கீழ் டிவிசன்ல கவ்வாத்து வெட்டுற தம்பிக்கு ரெண்டாவது ஒப்பரேசன் செஞ்ச பொறகுதான் சுகம் வந்துச்சு. நாமளும் தோட்டை அடகு வெச்சு, மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்கி, பிரைவேட்ல செஞ்சிருவோம்.”

இருவரும் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தபோது அங்கிருந்த வைத்திய உதவியாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“மொத ஒப்பரேசன் ஏன் சரிவரல்லன்னு யாராவது ஒங்களுக்குச் சொன்னாங்களா?”

“இல்லீங்க டொக்டர் ஐயா” என்றார் அக்கா.

“அப்ப அதத்தான் மொதல்ல கண்டுபுடிக்கணும். அது தெரியாம ரெண்டாவது கத்தி வெக்கக் கூடாது.”

இந்தக் கட்டுரையின் சாரமும் அதுவே. வலி எவ்வளவு கடுமை என்பது அடுத்த சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. முதல் சிகிச்சை ஏன் பலிக்கவில்லை என்ற காரணமே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

டிஸ்க் என்றால் என்ன? ஒப்பரேசனில் என்ன செய்கிறார்கள்?

நமது முதுகெலும்பு ஒரே எலும்பல்ல. சிறு சிறு எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இரண்டு எலும்புகளுக்கு இடையே, தண்ணீர்க் குழாயில் போடும் றப்பர் வாசர் போல, ஒரு மெத்தை இருக்கிறது. அதுதான் டிஸ்க். வெளிப்பக்கம் நார் போல உறுதியாகவும், உட்பக்கம் ஜெலி போல மென்மையாகவும் இருக்கும்.

நாரில் வெடிப்பு ஏற்பட்டால் உள்ளிருக்கும் ஜெலி வெளியே பிதுங்கி, பக்கத்தில் காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. அந்த நரம்பு போகும் வழியெல்லாம் வலி இழுக்கும், விறைக்கும். இடுப்பின் அடியில் உள்ள கடைசி இரண்டு டிஸ்க்குகளிலேதான் இது அதிகமாக ஏற்படுகிறது. உடம்பின் பாரமும் நாம் தூக்கும் பாரமும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

காலில் இறங்கும் இந்த வலிக்கு டிஸ்க் காரணமாகலாம் என்பதையும், அதை ஒப்பரேசனால் எடுக்கலாம் என்பதையும் 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு வைத்தியர்கள் எழுதி வெளியிட்டார்கள். அன்று முதல் இந்த ஒப்பரேசன் உலகெங்கும் நடக்கிறது. பிதுங்கிய துண்டை எடுத்து, நரம்பின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைப்பதே அதன் வேலை.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். இந்த ஒப்பரேசன் முக்கியமாகக் கால் வலிக்கு உரியது. இடுப்பு வலிக்கு அது அந்தளவு பலன் தருவதில்லை. கால் வலி போய் இடுப்பு வலி மட்டும் மிஞ்சியிருந்தால் “ஒப்பரேசன் பிழைத்து விட்டது” என்று சொல்ல முடியாது. அது செய்யக்கூடியதைச் செய்திருக்கிறது. மிஞ்சியுள்ள வலிக்கு வேறு வழி தேட வேண்டும்.

அதேபோல் நீண்ட நாள் நசுங்கியிருந்த நரம்பு உடனே தேறாது. விறைப்பும் எரிவும் குறைய பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் எடுக்கலாம். ஒப்பரேசன் செய்து ஆறு வாரத்தில் “இன்னும் விறைக்குதே” என்று பயந்து அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. கிளினிக்குக்குத் தவறாமல் போய்ச் சொன்னால் போதும்.

இவை இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்

“அவசரப்படாதீர்கள்” என்று நாம் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. பின்வரும் அறிகுறிகளில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

• சிறுநீர் போக முடியாமல் அடைத்துக் கொள்வது, அல்லது தன்னையறியாமல் போவது.

• மலம் அடக்க முடியாமல் போவது.

• இரண்டு தொடைகளின் உட்பக்கமும், மறைவிடத்தைச் சுற்றியும், உட்காரும் இடமும் விறைத்துப் போவது.

• இரு கால்களும் பலமிழப்பது, அல்லது ஒரு பாதம் தூக்க முடியாமல் திடீரெனத் தொங்கிப் போவது.

• காய்ச்சல், நடுக்கம், வெட்டிய காயத்தில் சீழ் அல்லது தண்ணீர் கசிவது, அசையவே முடியாத இடுப்பு வலி.

முதல் நான்கும் நரம்புகள் கடுமையாக நசுங்குவதற்கு அடையாளம். தாமதித்தால் வாழ்நாள் முழுக்க அந்தக் குறை நிற்கக்கூடும். ஐந்தாவது, டிஸ்க்கில் கிருமி பிடித்திருப்பதைக் காட்டலாம். இரவு நேரமென்றாலும் தோட்டத்து லொறியை எதிர்பார்த்து விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மறைவிடத்து விறைப்பைச் சொல்லப் பெண்கள் வெட்கப்பட்டு மறைத்து விடுகிறார்கள். தாதியிடமாவது, மருத்துவிச்சி அம்மாவிடமாவது கட்டாயம் சொல்லுங்கள்.

வலி எப்போது திரும்பி வந்தது?

மேற்சொன்ன ஆபத்து இல்லையென்றால் நிதானமாக யோசிக்க நேரம் உண்டு. முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டொக்டரும் இதைத்தான் முதலில் கேட்பார்.

ஒப்பரேசன் முடிந்த நாளிலிருந்தே கால் வலி கொஞ்சமும் குறையவில்லை என்றால், வலிக்குக் காரணம் அந்த டிஸ்க் அல்லாமல் இருக்கலாம். இடுப்பு மூட்டு, இடுப்பெலும்பு சேரும் பொருத்து ஆகியவற்றின் கோளாறும் காலில் வலி காட்டும். அல்லது ஒரு துண்டு உள்ளே மிஞ்சியிருக்கலாம். வேறொரு தட்டிலுள்ள டிஸ்க்கும் அழுத்திக் கொண்டிருக்கலாம். நரம்பு ஏற்கெனவே பழுதாகியிருக்கவும் கூடும்.

நன்றாக இருந்து, திடீரென ஒரு நாள் பாரம் தூக்கும்போதோ, சறுக்கி விழுந்தபோதோ, இருமியபோதோ பழையபடி கால் வலி வந்தால், அதே இடத்தில் டிஸ்க் மறுபடியும் பிதுங்கியிருக்கக்கூடும். ஒப்பரேசன் செய்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை இப்படி ஆவதாக வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

சில மாதங்கள் நன்றாக இருந்து, மெல்ல மெல்ல வலியும் எரிவும் கூடினால், வெட்டிய இடத்தில் வளர்ந்த தழும்பு நரம்பைச் சுற்றிப் பிடித்திருக்கலாம். கையில் வெட்டுப்பட்டால் தழும்பு வருவது போல உள்ளேயும் வரும். எல்லோருக்கும் கொஞ்சம் வரும். சிலருக்குத்தான் வலி கொடுக்கும்.

வருஷக் கணக்கில் கழித்து, நடந்தால் கால் கனத்து, குந்தி உட்கார்ந்தால் சுகமாக இருந்தால், நரம்பு போகும் குழாய் ஒடுங்கியிருக்கலாம். குனிந்து நிமிரும்போது இடுப்பு விட்டுப் போவது போல் இருந்தால் எலும்புத் தட்டு ஒன்று இடம் நகர்ந்திருக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்து கிடையாது. ஆகவேதான் அடுத்த வீட்டுக்காரருக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்று எண்ணக் கூடாது.

ஸ்கேன் படம் மட்டும் தீர்ப்பு அல்ல

காரணத்தைக் கண்டுபிடிக்க டொக்டர் முதலில் கையால் சோதிப்பார். காலைத் தூக்கிப் பார்ப்பார், பெருவிரலை மேலே மடக்கச் சொல்வார், எங்கே விறைக்கிறது என்று தொட்டுப் பார்ப்பார். தேவையானால் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுப்பார்கள். கிருமி சந்தேகமென்றால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

இவற்றோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முக்கியம். ஏற்கெனவே ஒப்பரேசன் செய்தவர்களுக்குக் கையில் ஓர் ஊசி மருந்து ஏற்றி எடுப்பதுண்டு. அந்த மருந்தைத் தழும்பு உறிஞ்சிப் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். புதிதாகப் பிதுங்கிய டிஸ்க் துண்டு அப்படித் தெரியாது. தழும்பா, டிஸ்க்கா என்று பிரித்தறிய இது உதவுகிறது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், உடம்பில் இரும்போ இதயத்துக்கு வைத்த கருவியோ உள்ளவர்களும் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஒன்று. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் புடைத்திருந்தது! ஆகவே படத்தில் “டிஸ்க் புடைச்சிருக்கு” என்று எழுதியிருந்தால் மட்டும் அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. வலிக்கிற இடமும், விறைக்கிற இடமும், படத்தில் தெரியும் நரம்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

இரண்டாவது ஒப்பரேசன் யாருக்கு உதவும்?

அதே டிஸ்க் மறுபடி பிதுங்கி, கால் வலியும் அதற்குப் பொருந்தி, மருந்தும் ஓய்வும் பலிக்காதபோது இரண்டாவது ஒப்பரேசன் பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. பாதம் தொங்கிப் போனால், பலவீனம் நாளுக்கு நாள் கூடினால் காத்திருக்காமல் செய்ய வேண்டும். குழாய் ஒடுங்கியவர்களுக்கும், தட்டு நகர்ந்தது தெளிவாகத் தெரிபவர்களுக்கும் அதற்குரிய ஒப்பரேசன் உதவலாம். அந்தக் கவ்வாத்துத் தம்பியின் கதை இதுதான். கான் பாயும்போது திடீரென வலி வந்து, பாதமும் தூக்க முடியாமல் போயிருந்தது. ஸ்கேனில் டிஸ்க் துண்டு தெளிவாகத் தெரிந்தது. அவருக்குச் செய்தது சரியே.

யாருக்கு உதவாது?

தழும்பு மட்டுமே காரணமென்றால் அதை வெட்டி எடுப்பதில் பெரிய பலன் இல்லை. வெட்டிய இடத்தில் மறுபடியும் தழும்புதான் வரும். நரம்பு ஏற்கெனவே நிரந்தரமாகப் பழுதாகியிருந்தால் கத்தியால் அதைச் சரிப்படுத்த முடியாது. காரணமே தெரியாமல் “திறந்து பார்ப்போம்” என்று செய்வது எல்லாவற்றிலும் மோசம்.

ஒவ்வொரு முறையும் பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது, ஆபத்து கூடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. முன்பு வெட்டிய இடத்தில் எல்லாம் ஒட்டிக் கிடப்பதால், நரம்பை மூடியுள்ள உறை கிழிந்து நீர் கசிவதும், நரம்பு காயப்படுவதும் முதல் தடவையை விட அதிகம்.

சிலருக்கு எலும்புகளை ஆணி, கம்பி வைத்துப் பொருத்தும் பெரிய ஒப்பரேசன் செய்யலாம் என்று சொல்வார்கள். இதைப் பற்றி நோர்வே நாட்டு வைத்தியர்கள் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். டிஸ்க் ஒப்பரேசன் செய்த பிறகும் இடுப்பு வலி தீராத 60 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு எலும்பைப் பொருத்தும் ஒப்பரேசன். மறு பகுதியினருக்குப் பயமில்லாமல் அசையப் பழக்கும் ஆலோசனையும் உடற்பயிற்சியும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது இரு பகுதியிலும் ஏறக்குறைய பாதிப் பேர் தேறியிருந்தார்கள். கத்தியில்லாத வழியும் அதே பலனைத் தந்திருக்கிறது! அதனால்தான் இடுப்பு வலி மட்டும் உள்ளவர்கள் முதலில் பயிற்சி வழியை முழுமையாகச் செய்து பார்க்க வேண்டும் என்கிறோம்.

கத்தியில்லாத வழி

“ஒப்பரேசன் வேணாம்னா அப்ப சும்மா கெடக்கிறதா?” என்று கேட்பீர்கள். இல்லை.

நடை. நாட்கணக்கில் படுத்தே இருந்தால் முதுகுத் தசை மெலிந்து வலி கூடும். ஆரம்பத்தில் சமதரையான பாதையில் காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம் நடங்கள். வாரத்துக்கு வாரம் சில நிமிஷங்கள் கூட்டுங்கள். கொஞ்சம் வலித்தால் நரம்பு அறுந்து விட்டது என்று அர்த்தமல்ல.

உடற்பயிற்சி. பிசியோதெரபி பிரிவில் கற்றுக் கொடுப்பதை வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும். இரண்டு வாரம் செய்துவிட்டு “ஒண்ணும் வித்தியாசமில்ல” என்று விட்டுவிடுகிறோம். மூன்று மாதமாவது செய்தால்தான் பலன் தெரியும். நீண்ட கால சிகிச்சை தேவையானவர்களுக்கு றாகம, திகன ஆகிய இடங்களில் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. உங்கள் கிளினிக் டொக்டரிடம் கடிதம் கேட்கலாம்.

மருந்து. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகபாலின் போன்ற குளிசைகளை டொக்டர் எழுதுவார். இவை பரசிட்டமோல் போல அன்றைக்கே கேட்காது. வாரக்கணக்கில் எடுக்கும். தலைச்சுற்றும் தூக்கமும் வரக்கூடும் என்பதால் புதிதாகத் தொடங்கும் நாட்களில் சரிவான மலையில் கவனம். இக்குளிசைகளோடு மது அருந்துவது ஆபத்து. நீங்களாகவே திடீரென நிறுத்தவும் கூடாது. கடையில் வாங்கும் டைக்ளோபெனாக் போன்ற வலிக்குளிசையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

ஊசி. முதுகெலும்பின் உள்ளே நரம்பைச் சுற்றிப் போடும் ஸ்டீரொயிட் ஊசி சிலருக்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆறுதல் தரும். நிரந்தரத் தீர்வல்ல. அந்த ஆறுதல் காலத்தில் பயிற்சியைப் பிடித்துக் கொள்வதே புத்தி.

கைவைத்தியம். எண்ணெய் தடவி மெதுவாகப் பிடிப்பதில் குற்றமில்லை. ஆனால் ஒப்பரேசன் செய்த முதுகை மிதிப்பதும், முறித்துச் சொடுக்கு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். பேர் தெரியாத தூளும் உருண்டையும் இரண்டு நாளில் வலியை அற்புதமாக நிறுத்தினால் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கலாம்.

பீடி, சிகரட். புகையிலை டிஸ்க்குக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. எலும்பு பொருந்துவதையும் தடுக்கிறது. ஒப்பரேசன் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதை விட வேண்டும்.

மனம். தூக்கமில்லாமல், சம்பளமில்லாமல், “நடிக்கிறா” என்ற பேச்சையும் கேட்டுக் கொண்டிருந்தால் வலி இரட்டிப்பாகத் தெரியும். வலி பொய்யல்ல. வீட்டார் இதை உணர வேண்டும். பீலியில் தண்ணீர் தூக்குவதையும் விறகு சுமப்பதையும் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்து கொண்டால், அதுவும் ஒரு சிகிச்சையே.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை

கிளினிக்கில் நேரம் குறைவு. நமக்கும் பயம். வெளியே வந்த பிறகுதான் “அதக் கேக்க மறந்துட்டேனே” என்று தோன்றும். ஆகவே இவற்றை ஒரு கொப்பியில் எழுதி, பிள்ளைகளை எழுதச் சொல்லியாவது, கொண்டு போங்கள்.

1. முதல் ஒப்பரேசன் ஏன் முழுப் பலன் தரவில்லை?

2. இப்போதுள்ள வலிக்குக் காரணம் டிஸ்க்கா, தழும்பா, வேறா? ஸ்கேனில் தெரிவது என் வலியோடு பொருந்துகிறதா?

3. இரண்டாவது ஒப்பரேசனால் குறையப் போவது கால் வலியா, இடுப்பு வலியா?

4. என்னைப் போல பத்துப் பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்கு நல்லாகும்? எத்தனை பேருக்கு மோசமாகும்?

5. செய்யாமல் மூன்று மாதம் பொறுத்தால் ஆபத்து ஏதும் உண்டா?

6. அதற்குள் என்ன பயிற்சி, என்ன மருந்து?

7. மறுபடி கூடை தூக்கலாமா? எப்போது, எவ்வளவு பாரம்?

தெளிவாகப் பதில் சொல்ல முடியாத ஒப்பரேசனுக்கு உடனே சம்மதிக்க வேண்டியதில்லை. இன்னொரு டொக்டரின் அபிப்பிராயம் கேட்பது முதல் டொக்டரை அவமதிப்பதாகாது. கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளில் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கக் கட்டணமில்லை.

சிங்களம் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். டிக்கட் வெட்டும்போது தந்த அட்டை, ஸ்கேன் படம், ரிப்போட், மருந்துத் துண்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, லயத்துக் கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள். அந்த அட்டை இல்லாவிட்டால் முன்பு எந்த டிஸ்க்கில் என்ன செய்தார்கள் என்பதை அறிவது கஷ்டம்.

வேலையும் காசும்

வலி இருக்கும்போது பழைய வேலைக்கே திரும்பிப் போவது திரும்பத் திரும்பப் புண்ணைக் கிளறுவதற்குச் சமம். “குனிந்து பாரம் தூக்கக் கூடாது” என்று டொக்டரிடம் எழுதி வாங்கி, தோட்டத் தலைவர் மூலமாகவோ நேரிலோ துரையிடம் கொடுத்து, தவறணை, பிள்ளை மடுவம் போன்ற இடங்களில் லேசான வேலை கேளுங்கள். வாயால் கேட்பதை விடத் துண்டோடு கேட்பது பலிக்கும்.

வேலை நேரத்தில் விழுந்து அடிபட்டதால் இந்த வருத்தம் வந்திருந்தால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் உரிமை இருக்கக்கூடும். விழுந்த அன்றே தோட்டத்துக்கு அறிவித்துப் பதிய வைப்பது அவசியம்.

“இனி ஏலாது, பேரை வெட்டிருங்க” என்று ஆத்திரத்தில் சொல்லிவிடாதீர்கள். நிரந்தரமாக வேலை செய்யவே முடியாது என்று வைத்தியர் சான்று தந்தால் வயது வருவதற்கு முன்பே சேமலாப நிதியைக் கேட்க முடியும். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி சேவைக்காலப் பணமும் உண்டு. ஆனால் இவை ஒரு முறைதான் கைக்கு வரும். தொழிற்சங்கக் காரியாலயத்திலும் தொழில் திணைக்களத்திலும் விசாரித்த பிறகு கையெழுத்து வையுங்கள். அந்தக் காசை அப்படியே கொண்டுபோய், காரணம் தெரியாத ஒப்பரேசனில் கொட்டாதீர்கள்.

அந்த அக்கா என்ன செய்தார்?

தோடு அடகுக்குப் போகவில்லை. வைத்திய உதவியாளர் கடிதம் எழுதிக் கொடுத்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் சில மாதம் காத்திருந்து, ஊசி ஏற்றிய ஸ்கேன் எடுத்தார்கள். டிஸ்க் துண்டு எதுவும் இல்லை. நரம்பைச் சுற்றித் தழும்பு இருந்தது. “ஒப்பரேசன் செஞ்சா ஒங்களுக்குப் பிரயோசனம் கொறவு. மருந்தும் பயிற்சியும் செய்வோம். பாதம் பலமிழந்தா உடனே வாங்க” என்றார் டொக்டர்.

அக்காவுக்கு முதலில் ஏமாற்றந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதாராம். ஆனால் ஏன் வலிக்கிறது என்பது முதன்முறையாகத் தெரிந்தது. அது தெரிந்ததும் பயம் பாதி போனது. இரவுக் குளிசையால் தூக்கம் வந்தது. ஆரம்பத்தில் இஸ்தோப்பிலிருந்து பீலி வரை நடந்தவர், ஆறு மாதத்தில் ஸ்டோர் வரை நடந்தார். தவறணையில் வேலை கொடுத்தார்கள். ஸ்டூல் ஒன்றில் உட்கார்ந்து பைகளுக்கு மண் நிரப்புகிறார்.

வலி முழுதாகப் போகவில்லை. மழைக்குளிர் நாட்களில் கால் இன்னமும் இழுக்கத்தான் செய்கிறது. “கூடை தூக்க ஏலாதுதான். ஆனா என் வேலைய நான் பாத்துக்கிறேன். கடனும் இல்ல” என்கிறார் அவர்.

கவ்வாத்துத் தம்பிக்கு இரண்டாவது ஒப்பரேசன் சரி. அக்காவுக்கு அது வேண்டாம் என்பதே சரி. இருவருக்கும் வழி வேறு. ஏனெனில் காரணம் வேறு. ஆகவே அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நகையை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பழைய அட்டையை எடுங்கள். டிஸ்பென்சரிக்குப் போய் முதல் கேள்வியைக் கேளுங்கள்: “மொத ஒப்பரேசன் ஏன் சரிவரல்ல?”